பிள்ளை கண்காட்சி வைத்தால் ஓவியரான அப்பா எங்கே நிற்க வேண்டும்?

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில், சிங்கப்பூர்க் கலை வாரம் நடக்கும் நாட்களில், என் மகளும் அவள் நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் கண்காட்சி வைத்தார்கள். அவளுக்கு அதுதான் முதல் கண்காட்சி. தொடக்க நாள் சாயங்காலம் ஒருவர் அவளுடைய மரச்செதுக்கு அச்சுப்படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தார். 280 வெள்ளி. மறுபடி படத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், "நான்தான் அவங்க அப்பா. உங்களுக்காக 200க்குத் தரச் சொல்றேன்" என்றேன். மனிதர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அரை மணி நேரம் முன்புதான் அதே படத்தின் இன்னொரு பிரதியை ஓர் அம்மா முழு 280 கொடுத்து வாங்கியிருந்தார். அவரும் அங்கேதான், வடை வைத்திருந்த மேசைப் பக்கத்தில் நின்றிருந்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் போய் அந்த அம்மாவிடம் 80 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் ஆறு நிலையம் தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம், "அடுத்த தடவை நீங்க எங்க நிக்கணும்னு நானே சொல்றேன்ப்பா" என்றாள்.

இது அவள் சொன்னதையும், சொல்லாமல் நானே அடிபட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியது. நானும் தூரிகை பிடித்தவன்தான். பதினேழு வயதில் போர்டு எழுத ஆரம்பித்தேன். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மளிகைக்கடை, நகைக்கடை, முடிதிருத்தும் கடை என்று எனாமல் பெயின்டில் எழுதிய எழுத்துகள் எத்தனையோ. நூல் அடித்துக் கோடு போட்டு, குச்சியில் கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு 'ஸ்ரீ' போடுவேன். கணினியில் வெட்டிய ஸ்டிக்கர் எழுத்து வந்தது. என் தொழில் போனது. பிறகு கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் குத்தகைக்காரரிடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்வண்ணம். அவ்வளவுதான் என் கலை வாழ்க்கை.

ஓவியம் தெரியாத அப்பா அம்மாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பிள்ளை எதை வரைந்தாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவார்கள். நமக்குத்தான் கை அரிக்கும்.

கையை அடக்குவது எப்படி

என் மகள் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுக்கிறாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கு கீழ்த்தளத்தில் சொந்தக்காரர் யாரென்று தெரியாமல் வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடக்கும் சைக்கிள்கள்தான் அவளுடைய விஷயம். ஒரு பலகை செதுக்க மூன்று வாரம் ஆகும். ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது கொடியில் காயப் போட்டிருந்த அச்சு ஒன்றைப் பார்த்தேன். ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மை சரியாக ஒட்டாமல் வெளுத்திருந்தது. மெல்லிய தூரிகை எடுத்து, அதே கறுப்பு மையைத் தொட்டு, பதமாக அடைத்துவிட்டேன். நாற்பது வருஷக் கை. தெரியவே தெரியாது.

அவளுக்குத் தெரிந்தது. உள்ளே வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

அச்சுக்கலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பலகையிலிருந்து எத்தனை பிரதி எடுப்பது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்வார்கள். அவள் 15 என்று வைத்திருந்தாள். ஒவ்வொரு பிரதியின் கீழேயும் இடப்பக்கம் பென்சிலால் 1/15, 2/15 என்று எண் போட்டு, வலப்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதுதான் வாங்குகிறவருக்கு அவள் கொடுக்கும் வாக்கு. கலைஞர் தனக்கென்று சில பிரதிகள் வைத்துக்கொள்ளலாம், வழக்கமாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. பதினைந்தும் எடுத்து முடித்தபின் பலகையின் குறுக்கே கீறிவிடுவார்கள், மறுபடி யாரும் அச்சடிக்கக் கூடாது என்று. இந்தக் கணக்கில் நான் தூரிகையால் தொட்டது எங்கே போய்ச் சேரும்? பதினைந்தில் ஒன்றாக அதை வைக்க முடியாது. அவள் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் 'அப்பா' என்று மட்டும் எழுதி, அலமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆக, பிள்ளை கேட்காமல் பிள்ளையின் வேலையில் கை வைக்காதீர்கள். நீங்கள் சரிசெய்வது நிஜமாகவே சரியாக இருந்தாலும் வைக்காதீர்கள். கை சும்மா இருக்காது என்றால் செய்ய ஆயிரம் வேலை இருக்கிறது. உளி தீட்டிக் கொடுங்கள். காகிதம் வெட்டிக் கொடுங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்குப் போய் மை வாங்கி வாருங்கள், ஆனால் அவள் எழுதிக் கொடுத்த அதே மையை. கடைக்காரர் "இதுவும் அதே மாதிரிதான்" என்று எதையாவது நீட்டினால் அவளுக்கு போன் போட்டுக் கேளுங்கள்.

வீட்டையே பட்டறையாக்கினால்

இந்தப் பகுதியில் மட்டும் நீங்கள் வாயைத் திறக்கலாம், திறக்கத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு உயிரைப் பற்றிய பயம் குறைவு.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில் ஓர் அறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். அச்சு மையில் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய்தான் அடிப்படை. எண்ணெய் ஓவியம் வரைகிற பிள்ளை என்றாலும் அதே கதை. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், காற்றோடு சேர்ந்து அதுவாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நெருப்புக் குச்சி எதுவும் வேண்டாம். பெயின்ட் வேலையில் இருந்தபோது கரிந்துபோன துணிக்குவியலைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மூடி போட்ட பழைய பிஸ்கட் தகரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம். துடைத்த துணி நேராக அதற்குள் போகும். கை கழுவ டர்பன்டைன் வேண்டாம், சமையல் எண்ணெயைத் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டால் போதும். தோலுக்கும் நல்லது, பக்கத்து வீட்டு மூக்குக்கும் நல்லது.

பலகை, சட்டம், அட்டையெல்லாம் வாசலுக்கு வெளியே நடைபாதையில் சாய்த்து வைக்கும் ஆசை வரும். அங்கே குறைந்தது 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், தீயணைப்பு விதி. நாங்கள் வைக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. என் மனைவியின் தீபாவளிப் பாத்திரங்கள் எங்கே போயின என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது ஈரம். நம் ஊரில் விடியும் முன்பு காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் மதியத்துக்கு மேல் 60க்குப் பக்கத்தில் இறங்கும். காகிதம் இதை மனிதரைவிட நன்றாக உணரும். அதிகாலையில் பெட்டியில் அடுக்கி மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்து மூடுகிறோம், ஆறு மாதத்தில் பழுப்புப் புள்ளி விழும். நாங்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் அடுக்குகிறோம். நடுவில் அமிலமில்லாத தாள், மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம். என் பழைய நீர்வண்ணங்களில் பாதி பூஞ்சைக்குப் போனது. அந்த அனுபவத்தை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் போடும் இடத்திலும் ஒரு தப்பு செய்தேன். அச்சைப் பின்னட்டையில் சாதாரண செலோடேப் போட்டு ஒட்டினேன். எட்டு மாதத்தில் டேப் பழுத்து, கறை முன்பக்கம் வந்துவிட்டது. காகித ஓவியத்தை மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும், மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டால், கோதுமை மாவுப் பசை வைத்துத் தொங்கவிட வேண்டும். பசை தண்ணீரில் கரையும், நாளைக்குக் கழற்றலாம். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, நடுவில் அட்டைச் சட்டம் இடைவெளி கொடுக்கும். இதைச் சட்டக்கடையில் சொன்னால் செய்வார்கள். சொல்லாவிட்டால் சில இடங்களில் டேப்தான்.

சொந்தக்காரர்களைச் சமாளிப்பது

"படம் வரைஞ்சு சாப்பிட முடியுமா?" என்ற கேள்வி வரும். கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், பிள்ளையின் எதிரிலேயே வரும். அதற்குப் பிள்ளை பதில் சொல்ல விடாதீர்கள். நீங்கள் சொல்லுங்கள், சுருக்கமாக. என் மகள் வாரத்தில் மூன்று நாள் அச்சகம் ஒன்றில் வடிவமைப்பு வேலை செய்கிறாள். "வாடகைக்கு அது, மிச்ச நாளுக்கு இது" என்பேன், அதோடு பேச்சை மாற்றிவிடுவேன்.

"டிகிரியா அது?" என்று கேட்ட என் அக்காவிடம், லாசால் கலைக் கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் கைகோத்து 2024இல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டன என்று சொன்னேன். 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. "நம்ம ஆளுங்க யாரு இதுல இருக்காங்க?" என்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன். நேஷனல் மியூசியத்தில் நிற்கிறதே பெரிய சிவப்பு மிளகாய், சாங்கி விமான நிலைய மூன்றாம் முனையத்தில் இருக்கிறதே மஞ்சாடி விதை, இரண்டும் குமாரி நாகப்பன் செய்த சிற்பங்கள். எஸ். சந்திரசேகரன் 1988லேயே நண்பர்கள் இருவரோடு 'திரிமூர்த்தி' கண்காட்சி வைத்தார். இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அந்த மிளகா எவ்ளோவுக்குப் போச்சு?" என்று வரும். அப்போது பாயசம் வாங்கப் போய்விடுங்கள்.

இலவசமாகப் படம் கேட்பவர்கள் தனி ரகம். "வீட்டுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கோம், பாப்பாகிட்ட சொல்லி ஒண்ணு குடு" என்பார்கள். விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒரு சித்தப்பா மட்டும் நிஜமாகவே வாங்கினார். மற்றவர்கள் இதயப் படம் அனுப்பினார்கள்.

எதைக் கேட்பது, எதைக் கேட்காமலிருப்பது

மாதம் ஒருமுறை நாங்கள் இருவரும் நேஷனல் கேலரிக்குப் போவோம். சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் பொதுக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. குளிரூட்டி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த கேலரியின் தொகுப்பில் லிம் இயூ குவானின் மரச்செதுக்கு ஒன்று உண்டு, 1966இல் செய்தது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். தீ அணைந்தபின் மிஞ்சியதைப் பலகையில் செதுக்கியிருக்கிறார். மகள் அதில் பார்ப்பது உளி போன திசையை. நான் பார்ப்பது வேறு. இயூ குவானின் அப்பா லிம் ஹாக் தாய். 1938இல் நன்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கி நடத்தியவர், பெரிய ஓவியர். அவர் 1963இல் இறந்தார், மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். படம் 1966. அப்பா அதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசிப்பேன். ஒன்றும் சொல்லாமல் கிட்டப் போய்க் குனிந்து பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். நானாக இருந்தால் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் கறுப்பு கூடுதல் என்றிருப்பேன்.

வீட்டில் பிள்ளையின் வேலையைப் பற்றிப் பேசவும் ஒரு பக்குவம் வேண்டும். "ஏன் சைக்கிளுக்குச் சக்கரம் இல்ல?" என்று நான் கேட்டது மோசமான கேள்வி. சக்கரம் இல்லாததுதான் படமே. "இதுல எந்த இடம் உன்ன ரொம்பப் படுத்துச்சு?" என்று கேட்டுப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் பேசினாள். இன்னொரு நல்ல கேள்வி, "அடுத்த பலகை வாங்கிட்டியா?" என்பது. பாராட்டைவிட அது பிள்ளைக்குப் பலம் கொடுக்கிறது, ஏனென்றால் அடுத்தது உண்டு என்று நாம் நம்புவது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

"எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை வாரத்துக்கு ஒன்று என்று ரேஷன் வையுங்கள். நான் முயற்சி செய்கிறேன்.

தேசியக் கலைகள் மன்றத்தின் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது தன் படைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். அதை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், திருத்தவும் திருத்தாதீர்கள். உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே அவளே திக்குகிறாளோ அங்கே வாக்கியம் பொய், அவளே மாற்றிவிடுவாள். அவசரப்படவும் வேண்டாம். அந்த மன்றம் 1992 முதல் கொடுக்கும் இளம் கலைஞர் விருதுக்கு 35 வயது வரை 'இளம்' என்றுதான் கணக்கு. என் மகளுக்கு 26. ஒன்பது வருஷம் இருக்கிறது என்று சொன்னால் அவள் சிரிக்கிறாள், என் மனைவி சிரிப்பதில்லை.

இன்னொன்று. தன் அச்சுகளைக் கீழ்த்தளச் சுவரிலேயே, அந்தச் சைக்கிள்களுக்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும் என்று ஒருநாள் கிளம்பினாள். யோசனை அருமை. ஆனால் 2017இல் பிரியகீதா தியா என்ற கலைஞர் ஜாலான் ராஜாவில் வீவக மாடிப்படியில் தங்கத்தாள் ஒட்டியபோது ஊரே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. அனுமதி வாங்கவில்லை என்றது நகர மன்றம். இங்கே பொதுச் சுவரை அழுக்காக்கினால் பாயும் சட்டம் 1966இலிருந்து இருக்கிறது, பிரம்படி வரைக்கும் போகும். நகர மன்றத்துக்கு முதலில் கடிதம் எழுது என்று சொன்னேன். எழுதியிருக்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

தாளும் கையெழுத்தும்

நான் போர்டு எழுதிய காலத்தில் எல்லாம் வாய்ச்சொல்தான். பாதிப் பணம் வந்தது, மீதிக்கு நடந்தேன். மகளும் அப்படியே ஆரம்பித்தாள். ஒரு கஃபேயில் மூன்று படத்தை மாட்டக் கொடுத்தாள், கையெழுத்து எதுவும் இல்லை. மேற்கு வெயில் நேராக விழும் சுவர். ஐந்து மாதம் கழித்து இரண்டு படம் திரும்பி வந்தது. மூன்றாவது விற்றுவிட்டது என்றார்கள், பணம் அடுத்த வாரம் என்றார்கள். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு தாள் தயார் செய்தோம். எங்கே படம் கொடுத்தாலும் அதில் கையெழுத்து வாங்காமல் கொடுப்பதில்லை. படத்தின் பெயர், அளவு, பிரதி எண், விலை, கொடுத்த தேதி, திரும்ப வர வேண்டிய தேதி, விற்றால் எத்தனை நாளில் பணம், அவர்களுக்கு எத்தனை விழுக்காடு, சேதமானால் யார் பொறுப்பு. ஒரே பக்கம். கையெழுத்துப் போட முகம் சுளிப்பவரிடம் படம் கொடுக்க வேண்டாம்.

கேலரிகள் பொதுவாக விற்ற விலையில் 40 முதல் 50 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். முதலில் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. பிறகு வாடகை, விளக்கு, ஆள், அழைப்பு என்று கணக்குப் பார்த்தேன், கொதிப்பு பாதி அடங்கியது. விலை வைக்கும்போதே இதைச் சேர்த்து வைக்க வேண்டும். கேலரியில் 280 என்றால் வீட்டுக்கு வந்து கேட்பவருக்கும் 280தான். இதை மீறியவன் கதையை ஆரம்பத்திலேயே படித்தீர்கள்.

பதிப்புரிமை விஷயம் ஒன்றைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் ஒருவர் காசு கொடுத்துத் தன் உருவப்படத்தையோ, ஒரு செதுக்கு அச்சையோ செய்யச் சொன்னால் பதிப்புரிமை அவருக்குப் போய்விடும். 2021 நவம்பர் 21 முதல் புதிய சட்டம். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை படைத்தவருக்கே. மரச்செதுக்கும் இதில் சேரும். அதனால் ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமைகளும்' என்று ஒரு வரி ஓரமாக இருக்கிறதா என்று தேடுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவதற்கு அப்பாவைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. படைப்பைப் பொதுவில் பயன்படுத்துகிறவர் படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் வந்தது. மாதச் சம்பளத்துக்கு முதலாளிக்காகச் செய்யும் வேலை வேறு கணக்கு, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அது முதலாளிக்கே.

வரிக்கணக்கு நீளமான கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். அடையாள அட்டையில் உள்ள சொந்த முழுப்பெயரிலேயே விற்றால் நிறுவனம் பதிய வேண்டியதில்லை. செலவு போக வருஷத்துக்கு 6,000 வெள்ளிக்கு மேல் சொந்தத் தொழில் வருமானம் வந்தால் மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குக் கட்ட வேண்டும். ரசீதுகளை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. மை, காகிதம், டாக்சி எல்லாவற்றின் ரசீதும் ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தில் தேதி வாரியாக ஒட்டியிருக்கிறது. இதற்கு செலோடேப் பரவாயில்லை.

தொடக்க நாள்

இப்போது எங்கே நிற்பது என்ற கேள்விக்கு வருவோம். மகள் இடம் குறித்துக் கொடுத்துவிட்டாள். வாசலுக்கு இடப்பக்கம், தண்ணீர்ப் புட்டிகள் இருக்கும் மேசை. அங்கிருந்து அவள் சுவர் தெரியும், ஆனால் அங்கே பேசினால் சுவர்ப் பக்கம் கேட்காது. கெட்டிக்காரி.

யாராவது கேட்டால் "அப்பா" என்று சொல்லலாம். "நானும் ஓவியர்தான்" என்று சொல்லக் கூடாது. அன்றைக்கு அது அவளுடைய நாள். படத்துக்கு விளக்கம் கேட்டால் "அவங்களே சொல்வாங்க" என்று கை காட்டுங்கள். விலை கேட்டால் பட்டியலை நீட்டுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். போட்டோ எடுங்கள், ஆனால் அவளையும் வந்தவர்களையும் சேர்த்து எடுங்கள். பிற்பாடு விண்ணப்பங்களுக்கு அந்த மாதிரிப் படம்தான் கேட்பார்கள், நீங்களும் அவளும் கட்டிக்கொண்டு நிற்கும் படத்தை யாரும் கேட்பதில்லை. மற்ற நான்கு பிள்ளைகளின் சுவரையும் அதே நேரம் நின்று பாருங்கள். அவர்களில் இரண்டு பேருடைய வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

விற்ற படத்தின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள். அச்சு என்றால் ஒரே படத்துக்குப் பல புள்ளி. என் மனைவி அதைப் பொட்டு என்றுதான் சொல்வாள். முதல் பொட்டு விழுந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரைக்கும் சரி. நான் செய்த இன்னொரு காரியம் மகளுக்கு இன்றுவரை தெரியாது: மூன்றாவது பொட்டு என் பழைய முதலாளியின் பெயரில் நான் வாங்கியது. படம் அவர் வீட்டு ஹாலில் தொங்குகிறது. நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள். எத்தனை படம் நிஜமாக விற்றது என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை எத்தனை அச்சடிப்பது, என்ன விலை வைப்பது என்று பிள்ளைக்குப் புரியும். நான் அவள் கணக்கில் ஒரு பொய்யைச் சேர்த்துவிட்டேன்.

பொறாமை வருமா என்று கேட்டால், வரும். அவள் பெயரைச் சுவரில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கணினியில் வெட்டிய ஸ்டிக்கர் எழுத்து. என் பிழைப்பைச் சாப்பிட்ட அதே ஸ்டிக்கர். அதுவும் மூன்றாம் எழுத்துக்கும் நான்காம் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி அதிகம், கையால் எழுதியிருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டேன். அரை மணி நேரம் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்துமூன்று வயதில் என் பெயர் எந்தச் சுவரிலும் வந்ததில்லை, நான் எழுதிய ஆயிரம் பெயரும் மற்றவர்களுடையவை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அது உங்க இனிஷியல்தான முன்னாடி இருக்கு" என்றாள். உண்மைதான், நான் கவனிக்கவில்லை. இப்படி வந்தால் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். பெண்டாட்டியிடமோ புருஷனிடமோ சொல்லுங்கள், இல்லை ஒரு தாளும் தூரிகையும் எடுத்து நீங்களும் ஏதாவது வரையுங்கள்.

இறக்கும் நாள்

தொடக்க நாளுக்கு நூறு பேர் வருவார்கள். படங்களை இறக்கும் நாளுக்கு யாரும் வர மாட்டார்கள். நீங்கள் போங்கள். குமிழித்தாள், அட்டை, கத்தரிக்கோல், பெயர் எழுதிய உறைகள் எல்லாம் கொண்டு போங்கள். படத்தின் அளவையும் உங்கள் புளோக்கு மின்தூக்கியின் அளவையும் முன்கூட்டியே டேப் வைத்து அளந்துவிடுங்கள். நாங்கள் அளக்காமல், சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றைப் பதினொரு மாடி தூக்கிக்கொண்டு ஏறினோம்.

இடத்தை வாங்கியபோது இருந்த மாதிரியே திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கேதான் என் முறை வந்தது. ஸ்டிக்கர் எழுத்தை நகத்தால் சுரண்டினால் சுவர்ப் பெயின்டும் சேர்ந்து வரும். முடி காய வைக்கும் கருவியால் லேசாகச் சூடு காட்டி, ஓரத்திலிருந்து நிதானமாக உரிக்க வேண்டும். அவள் பெயரை நான்தான் உரித்தேன், இனிஷியலை முதலில். பிறகு ஆணி ஓட்டைகள். பட்டி வைத்து, காய விட்டு, 240ஆம் எண் உப்புத்தாள் போட்டு, அதே வெள்ளையைச் சின்ன ரோலரில் அடித்தேன். தூரிகையில் அடித்தால் விளக்கு வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். கடைவீட்டுக்காரர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார், எங்கே ஆணி அடித்தார்கள் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மகள் கீழே லாரியில் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். ரோலரைக் கழுவ எடுத்துப் போகும்போது எதிர்ச்சுவர்ப் பையன் கையில் பட்டித் தகடோடு வந்து நின்றான்.

"அங்கிள், எங்க சுவரும் இருக்கு."

மறுபடி டப்பாவைத் திறந்தேன்.